ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

1998 மார்ச்சில், பதுளை பசறை வீதியில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் கடை ஒன்றில் ஹொண்டா எக்ஸ்.எல். 125 ஒன்று கைமாறியது. வாங்கியவர் கமலாம்பிகை, லுணுகலைப் பக்கத்தில் அரசாங்க டொக்டர், வயது நாற்பத்தாறு.

கடைக்காரர் பாறூக் முதலில் ஒரு ஸ்கூட்டரைத்தான் துடைத்துக் காட்டினார். கமலாம்பிகை வேண்டாமென்றார்.

“இந்தச் சின்னச் சில்லு தோட்டத்துக் கல்லுக்குள்ள இறங்கினா ஸ்கூட்டர் நிக்கும், நான் மட்டும் முன்னால பறந்து போயிடுவன். அந்தா, சுவரோட நிக்கிறதைக் காட்டுங்கோ.”

“அது தோட்டத்துத் தொரைமார் ஓட்டுற சாமான், டொக்டர். ஒங்களுக்குக் கால் எட்டாது.”

கமலாம்பிகை சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இடது பாதத்தின் நுனி மட்டும் தரையைத் தொட்டது.

“எட்டுது.”

“ஒத்தக் கால்தானே?”

“நிக்கிறதுக்கு ஒரு கால் காணும். ஓடுறதுக்குக் கால் ஊன்றத் தேவையில்லை.”

பாறூக் சிரித்துவிட்டார். பிறகு ஒழுங்காகப் பேசினார். முன் சில்லு பெரியது, என்ஜின் நிலத்திலிருந்து நல்ல உயரம். சைலன்சர் மேலால் போவதால் ஓடைத் தண்ணீர் ஏறாது. கட்டங்கட்டமான டயர் மண்ணைக் கவ்வும், தாரிலும் மோசமில்லை. பக்கத்தில் ஒரு 250 நின்றது. விழுந்தால் தனியாகத் தூக்க முடியாதது தனக்கு உதவாது என்று கமலாம்பிகை அதை ஒதுக்கினார். 125ஐக் கடை முற்றத்தில் மெதுவாகச் சரித்துப் படுக்கவைத்தார்.

“அல்லாஹ்வே, பெயின்ட்!”

ஹாண்டிலைப் பிடித்து, முழங்காலைக் கொடுத்து, தானே நிமிர்த்தினார். அதன் பிறகுதான் விலை பேசினார்.

கணவர் தர்மராசா பதுளைக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க். மாணவியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் தமையனின் மோட்டார் சைக்கிளை எடுத்து ஓடியவர் தன் மனைவி என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு யோசனைதான் சொன்னார்.

“ஆரும் கேட்டா கடமைக்கெண்டு சொல்லும். சனம் வாய் பொத்தும்.”

“கடமைக்கு ஆஸ்பத்திரி வான் இருக்கு. இது எனக்கு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காற்சட்டையும் தர்மராசாவின் பழைய ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பசறைப் பக்கத்து வளைவுகளில் சைக்கிள் சாய்ந்து நிமிர்வது அவருக்குப் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது தார் முடிந்த பிறகு வரும் பாதை. மிதிகட்டையில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி விட்டால், கற்கள் கீழே தம்பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டு போகும். அவர் புதன்கிழமைகளில் கிளினிக் நடத்தும் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு புல்மலை இருந்தது. முகட்டில் நின்றால் பிபிலைப் பக்கத்துச் சமவெளி தெரியும். மே மாதத்தில் அவர் போகத் தொடங்கியது அங்கேதான்.

அதற்குத் தோட்டத்துப் பாதையால் போக வேண்டும். பாதையின் குறுக்கே ஒரு சங்கிலி. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெடியன்மார் மோட்டார் சைக்கிள் வாங்கினால் சங்கிலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். டொக்டரின் மோட்டார் சைக்கிளுக்கு, அவர் கேட்காமலே, கடமை என்ற பேரில் தோட்டம் அனுமதி கொடுத்திருந்தது. காவலுக்கு நின்ற வாச்சர் சின்னராசா, யாருக்கோ சுகமில்லை என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்துவிட்டார். ஜூலையில் ஒரு ஞாயிறு அவர் திறக்கவில்லை.

“டொக்டரம்மா, காரணம் கேட்டுத்தான் தெறக்கணும்னு பெரியதொர சொல்லிட்டாருங்க. எந்த லயத்துக்குப் போறீங்க?”

“லயத்துக்கு இல்லை. மலைக்கு.”

“அங்க யாருக்கும்மா சுகமில்ல?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நான் சும்மா ஓடப் போறன்.”

சின்னராசா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, எட்டாம் நம்பர் லயத்துல காய்ச்சல்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் தெறந்திடுறேன்.”

“காய்ச்சல் இல்லாத சனத்துக்கு நான் ஏன் காய்ச்சல் குடுக்கிறன்?”

அப்போது மேலேயிருந்து ஒரு எக்ஸ்.எல். இரைச்சலோடு இறங்கி வந்தது. தோட்டத்து உதவி மனேஜர் சின்னதொரை, பின்னால் அவருடைய சிநேகிதன், தோளில் தூண்டில். சின்னராசா ஓடிப்போய்ச் சங்கிலியைக் கழற்றி, அவர்கள் போனதும் மாட்டினார்.

“இவை ரெண்டு பேரும் எந்த நோயாளியைப் பாத்திட்டு வருகினம்?”

சின்னராசாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். “நம்மகிட்ட கேக்காதீங்கம்மா. நீங்க சொன்னத தொரகிட்ட அப்படியே சொன்னா, இருக்கிற பெர்மிட்டே போயிரும்.”

“அப்படியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ.”

அவர் சைக்கிளைத் திருப்பி, பிபிலை வீதியால் இறங்கி, கிராமத்து ஆட்களிடம் விசாரித்து, பிரதேச சபையின் பழைய வண்டிப்பாதையைப் பிடித்தார். இரண்டு ஓடைகள். அதன் பிறகு மாட்டுத்தடம், மானாப்புல், முதலாம் கியரில் மட்டுமே ஏறக்கூடிய செங்குத்து. முகட்டுக்கு வந்து என்ஜினை நிறுத்தினார். அங்கிருந்து பார்க்கத் தோட்டம், சங்கிலி, பங்களா எல்லாம் கீழே இருந்தன. கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துத் தின்றார்.

திங்கட்கிழமை தோட்டத்து மனேஜர் பெரியதொரை தொலைபேசியில் பேசினார். மரியாதையாகத்தான். மருத்துவப் பரிசோதனை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கும் அனுமதி தரலாம் என்றார்.

“உங்கட சின்னதொரை என்ன எழுதித் தந்தவர்?”

“அவர் தோட்டத்து ஆள், டொக்டர்.”

“லயத்துப் பெடியன்மாரும் தோட்டத்து ஆக்கள்தானே? நான் பொழுதுபோக்குக்குப் போறன். அதை எழுதித் தாறன், கையெழுத்து வையுங்கோ.”

பெரியதொரை கையெழுத்து வைக்கவில்லை. அந்த வாரமே அனுமதி ரத்தானது. கமலாம்பிகை புதன்கிழமைகளில் வழக்கம்போல ஆஸ்பத்திரி வானில் கிளினிக்குக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப்பாதையால் மலைக்குப் போனார். ஆகஸ்டில் லயத்துப் பெடியன்மார் மூன்று பேர் அதே பாதையால் தங்கள் மோட்டார் சைக்கிள்களில் மலைக்கு வரத் தொடங்கினார்கள்.