தெல்தெனியவில் நின்றுவிட்ட நிழல்

1983ஆம் ஆண்டு ஆனி மாதம் தெல்தெனியவிலிருந்து திகனவுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மாரா மரத்துடன் அதன் நிழல் வரவில்லை. மரம் முழுதாக வந்தது. வேரைச் சுற்றியிருந்த மண் ஒரு கைப்பிடிகூட உதிரவில்லை, கிளைகளில் தொங்கிய வௌவால்களில் பாதி கூடவே வந்தன. மகாவலியை மறித்து அணை கட்டி முடிந்ததும் தெல்தெனியப் பட்டினம் தண்ணீருக்குள் போகவிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த மரத்தின் கீழேதான் நின்று பழகியவர்கள் என்பதால், அதை விறகாக்காமல் திகனவில் எழும்பிய புதுக் குடியிருப்பில் நடுவதென்று மேலிடத்தில் தீர்மானித்தார்கள். பொறுப்பு எஞ்சினியர் நவரட்ணராஜாவிடம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரரான அவர் அதுவரை ஒரு ரோசாச் செடியைக்கூட இடம் மாற்றி நட்டவரல்ல. புத்தகங்களைத் தருவித்துப் படித்தார். முதல் வருடம் மரத்தின் ஒரு பக்கம் அகழி வெட்டி, வேர்களை அறுத்து, இலைமக்கும் ஆற்றுமணலும் போட்டு மூடினார். அங்கே புது வேர் விட்ட பிறகு, அடுத்த வருடம் மறுபக்கம் வெட்டினார். கடைசியாக அடிவேரையும் அறுத்து, வேர்மண்ணைச் சாக்காலும் தும்புக்கயிற்றாலும் இறுகக் கட்டி, கிரேன் வைத்துத் தூக்கி ட்ரெயிலரில் படுக்கவைத்தார்கள். அதை ஓட்டியவன் பியதாச என்ற சாரதி. வளைவுகளில் மரத்துடன் மெல்லிய குரலில் பேசிப் பேசி, நடந்து வருபவர்கள் முந்திப்போகும் வேகத்தில் கொண்டுவந்து சேர்த்தான். அந்த வேலை முடியும்வரை அவனுக்குப் பகல் சாப்பாடு எஞ்சினியர் வீட்டில்தான். எஞ்சினியரின் மனைவி கமலாசனி வைக்கும் கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

பெயர்த்த மரத்துக்கு அதிர்ச்சி ஏற்படும், இலை கொட்டும், சிலவேளை வருடக் கணக்கில் துளிர்க்காது என்று புத்தகங்கள் சொல்லியிருந்தன. இந்த மரம் சில வாரங்களிலேயே துளிர்த்தது. ஆனால் அதன் கீழே நின்றவர்களுக்கு வெயில் உச்சியைப் பிளந்தது. இலைக்கும் கிளைக்கும் ஊடாக வெயில் தடையில்லாமல் இறங்கி, மரத்தடிப் புல்லைக் கருக்கியது. நவரட்ணராஜா தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். இலை பச்சையாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றார். அப்படியானால் சரி என்று வைத்துவிட்டார்கள். பழைய இடத்தில், வேரோடு மண்ணெடுத்த பெருங்குழியும் அதைச் சுற்றி நிழலும் கிடந்தன. மேலே வெறும் வானம். காற்றடித்தபோது நிழலின் கிளைகள் அசைந்தன. அதன் ஓரத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த முனாப், புதுக் கடை கிடைக்கும்வரை அங்கேயே இருந்துகொண்டார். வியாபாரம் குறையவில்லை. ஒருநாள் அவருடைய மனைவி ஆஸியா உம்மாவின் ஆடு குழிக்குள் விழுந்தது. கத்துவது கேட்டது, ஆட்டைக் காணவில்லை. குழிக்குள் நிழல் அவ்வளவு தடிப்பாகத் தேங்கியிருந்தது. ஆஸியா உம்மா ஏணி வைத்து இறங்கி, கையால் துழாவிக் கொம்பைப் பிடித்து ஏற்றினார். அதற்குப் பிறகு குழியைச் சுற்றிக் கம்பு நட்டார்கள்.

ஆடி மாதக் கடைசியில் கலவரம் வந்தது. கண்டியில் தமிழர்களின் கடைகள் எரிந்த புகை திகனவிலிருந்தும் தெரிந்தது. எஞ்சினியரின் குவார்ட்டர்ஸில் தொலைபேசி வேலை செய்யவில்லை. கந்தோரிலிருந்து யாரும் வரவில்லை. முனாப்தான் தன் மரக்கறி வேனைக் கொண்டுவந்து, புருஷன் பெண்சாதி இருவரையும் கோவா மூட்டைகளுக்குக் கீழே படுக்கவைத்துத் தெல்தெனியவுக்குக் கொண்டுபோனார். பாதி காலியாகிவிட்ட ஊரைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவர் எண்ணினார். பொழுது உச்சிக்கு ஏறுமுன்பே பாலத்தடியில் லொறிச் சத்தம் கேட்டது. கடையில் ஒளிக்க இடமில்லை. ஆஸியா உம்மா ஏணியை எடுத்துவந்து குழிக்குள் வைத்தார்.

“தங்கச்சி, எறங்குங்க. உள்ளுக்கு ஈந்தா ஆருக்கும் தெரியாது. மூச்சு மட்டும் மெதுவா எடுங்க” என்றார்.

இருவரும் இறங்கினார்கள். ஏணி மேலே போனது. பக்கத்தில் குந்தியிருந்த கணவரைக் கமலாசனியால் பார்க்க முடியவில்லை, தன் கைகளையே பார்க்க முடியவில்லை. வந்தவர்கள் கடையைக் கிளறினார்கள். எஞ்சினியர் ஹுன்னஸ்கிரிய பக்கம் தோட்டங்களுக்குப் போய்விட்டார் என்று முனாப் சொன்னதற்கு, வாயில் ஓர் அடி விழுந்தது. வெயில் கொளுத்தியது. அந்த இடத்தில் வேறு நிழல் இல்லாததால் எல்லோரும் வந்து அந்த நிழலிலேயே உட்கார்ந்தார்கள். ஒருவன் குழிக்குள் எட்டிப் பார்த்துக் காறித் துப்பினான். பியதாசவும் வந்திருந்தான். அவனை யாரும் இழுத்து வரவில்லை, லொறியின் முன் ஆசனத்திலிருந்துதான் இறங்கினான். குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டான். ஒரு கால் கமலாசனியின் தோளில் வந்து ஊன்றியது. அறுத்துவிட்ட வேர்க்கட்டை என்று நினைத்தானோ என்னவோ, பாரத்தை முழுதாக அதிலே விட்டான்.

கமலாசனிக்குச் சிங்களம் விளங்கும். பியதாச மற்றவர்களிடம் சொன்னான்: எஞ்சினியர் மாத்தயாவுக்கு இடது முழங்கால் சரியில்லை, மரம் பெயர்க்கும் வேலையில் சறுக்கி விழுந்தது, மேடு ஏறமாட்டார், அதனால் தூரம் போயிருக்க வழியில்லை. நோனா அவரை விட்டுவிட்டுப் போகிற ஆளில்லை. ஒருவர் கிடைத்தால் இருவரும் கிடைப்பார்கள். கிணற்றைப் பாருங்கள், பள்ளிவாசலைப் பாருங்கள். பால்கறி கேட்கிற அதே குரலில் அவன் இதைச் சொன்னான். கமலாசனிக்குப் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வீட்டில் நாலு கத்தரிக்காய் வாடிக்கொண்டு கிடக்கிறது என்ற நினைப்பு மட்டும் வந்து, திரும்பத் திரும்ப வந்தது. கணவரின் மூச்சு பக்கத்தில் கேட்டது. அவர் ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்தாள். இன்னதென்று அவளுக்கும் தெரியாது. தோளில் பாரம் அழுந்திக்கொண்டே இருந்தது. அவர் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. கடைசியில் அவர்கள் எழுந்து கிணற்றையும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, எஞ்சினியரின் வீட்டை எரிக்கத் திகனவுக்குத் திரும்பிப் போனார்கள். பியதாச பின்னாளில் ஓய்வு பெற்று லீக்ஸ் பயிரிட்டான். அந்த எஞ்சினியர் நல்ல மனிதர், தனக்கு அவரை மிகவும் பிடிக்கும் என்று கேட்பவர்களிடம் சொல்லிவந்தான். அது பொய்யில்லை.

குழியிலிருந்து ஏறி வெயிலுக்கு வந்த இருவருக்கும் நிழல் இல்லை. அவை குழியிலேயே இருந்துவிட்டன. அகதி முகாமில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணத்து வெள்ளை வெயிலில்தான் அயலவர்கள் கண்டார்கள். ஒரு கிழமை பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் அணையில் நீர் நிரம்பி, பஸ் நிலையமும் கடைவீதியும் நிழலும் மூழ்கின. முனாப் திகனவில் கடை போட்டார். கோண்டாவிலில் இந்திய இராணுவம் வந்துபோனது, குண்டுகள் விழுந்தன, மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. இத்தனைக்கும் நடுவில் நவரட்ணராஜாவும் கமலாசனியும் மரியாதையாகவே குடித்தனம் நடத்தினார்கள். குழிக்குள் ஏன் மரம்போல் இருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவர் கை தவறுதலாகப் பட்டாலும் அவளுடைய தோள் தானாக விலகும். 1995இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் நடந்தபோது, அந்த முழங்காலோடு கைதடிவரை வந்தவர், தெருவோரத்தில் உட்கார்ந்தார், எழும்பவில்லை.

2002இல் சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தார்கள். அந்த வருடம் மழை பொய்த்து, அணையில் நீர் இறங்கி, பழைய தெல்தெனிய சேற்றுக்குள்ளிருந்து எழும்பியிருப்பதாகக் கமலாசனி கேள்விப்பட்டாள். பஸ் ஏறித் திகனவுக்கு வந்தாள். முனாப்பும் ஆஸியா உம்மாவும் அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். தார் ரோட்டின் துண்டுகள் தெரிந்தன. குழி வண்டலால் நிரம்பி மட்டமாகியிருந்தது. வெடித்த சேற்றின் மேல் மாரா மரத்தின் நிழல் ஒரு கிளை குறையாமல் விரிந்திருந்தது. குழி இருந்த இடத்தில் இரண்டு ஆள் நிழல்கள் குந்தியிருந்தன. ஒன்று அவளுடையது, தலை குனிந்திருந்தது. மற்றது அவருடையது. அவருடைய வலது கை நீண்டு, அவளுடைய தோளுக்கு மேல் விரிந்திருந்தது. புறங்கை தோளில், உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி. மேலிருந்து வந்த எதையோ அது தாங்கிக்கொண்டிருந்தது.

கமலாசனி நெடுநேரம் நின்றாள். அவளுடைய தோளில் அன்று பட்டது சப்பாத்து அல்ல. அவர் சாகும்வரை அவள் விலக்கி வைத்திருந்த கைதான் அது. ஆஸியா உம்மா முந்தானையால் விசிறிவிட்டு, நிழலின் மேல் காலை வைத்து நின்றால் அது திரும்ப ஒட்டிக்கொள்ளும், அன்று குழிக்குள் விழுந்த ஆட்டுக்கும் அதை எடுக்க இறங்கிய தனக்கும் அப்படித்தான் ஒட்டியது என்றார். “ஒங்கடதக் கூட்டிக்கொண்டு போங்க, தங்கச்சி. மழ வந்தா திரும்ப மூடிப்போடும்.”

“வேண்டாம். நான் எடுத்தால் அவற்ற கை அந்தரத்தில நிக்கும்” என்றாள் கமலாசனி.

அவள் சேற்றில் இறங்கி, தன் நிழலை மிதிக்காமல், மறுபக்கம் அவருக்குப் பக்கத்தில் வெயிலேறும்வரை உட்கார்ந்திருந்தாள். முனாப் சோடா வாங்கிவந்து கொடுத்தார். ஐப்பசியில் மழை பெய்து தண்ணீர் ஏறியது. அதற்குள் அவள் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறியிருந்தாள். முகமாலைச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி வெயிலில் நடக்கவிட்டார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், அவளுடைய காலடியில் வெறும் தரையைப் பார்த்தான், மறுபடியும் அட்டையைப் பார்த்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளை வரச்சொல்லிக் கைகாட்டினான்.