ஐந்தாம் நாள் துவைப்பு

ஆற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அப்பாவின் நீலச் சட்டையை யோவானா பிடித்துவிட்டாள். அடுத்த நொடி முதுகில் சளாரென்று ஓர் ஈரத் துண்டு விழுந்தது.

"விடுடி! விடுங்கிறேன்ல! பெத்த மக தொடலாமா இத?" அண்ணி எர்மெலிந்தா கத்தினாள். "உன் கையப் புடிச்சிக்கிட்டா மாமா போவவே மாட்டாரு. அப்புறம் உன்கூட லிமாவுக்கு பஸ் ஏறிருவாரு. டிக்கெட்டு நீ எடுப்பியா?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யோவானா சட்டையை விட்டாள்.

இறந்தவர் துணி ஒன்று விடாமல் ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்தாக வேண்டும். துவைப்பது மருமகன், மருமகள் வேலை. ரத்த உறவுகள் கரையில் உட்கார்ந்து கோகா இலை மென்றுகொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான். அது யோவானாவுக்குத் தெரியாததா? சட்டைக் கை தண்ணீரில் நீண்டு போவதைப் பார்த்ததும் உடம்பு முந்திக்கொண்டது.

"திட்டாதீங்க அண்ணி," என்றான் அவள் கணவன் வில்பர், மாமனாரின் கால்சட்டையை முறுக்கிப் பிழிந்தபடி. "அஞ்சு நாளா கண்ணு மூடல இவ. படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்குறா."

எர்மெலிந்தா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை. "தூங்காதவளுக்கு ஆத்தோரம் என்ன வேலை? வீட்டுக்குப் போ. சாயங்காலம் தரையில சாம்பல் தூவணும், மாமா வந்துட்டுப் போன தடம் பாக்க. அங்க தரை எங்க இருக்கு? எல்லாம் மாமாவோட இரும்பு. உன் தலையிலயா தூவுறது? போயி எடத்த ஒழி."

மேட்டுப் பாதையில் ஏறும்போது யோவானாவுக்கு மூச்சு வாங்கியது. தலைநகர் லிமாவில் பதினாறு வருடம். மலைக்காற்று அவளை மறந்துவிட்டது.

அறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே டயர்கள், ரேடியோ கூடுகள், உடைந்த பஸ் பம்பர்கள், எண்ணெய் டின்கள், கயிறு போட்டுக் கட்டிய பேப்பர்கள். பஸ் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா லியோன்சியோ, அம்மா இறந்த பிறகு எதையும் வெளியே எறியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்றுதான் யோவானா சொன்னாள்: "இது வீடு இல்லப்பா, குப்பைமேடு. இதை ஒழிச்சாத்தான் நான் இனிமே இங்க வருவேன்." அவர் ஒழிக்கவில்லை. அவளும் வரவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவரைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். ஐந்து நாளாக அந்தக் 'குப்பைமேடு' அவள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

கோபத்தோடுதான் ஆரம்பித்தாள். முதல் டின்னைக் காலால் எத்தினாள். போல்ட்டுகள் சிதறின. குனிந்து ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் இருந்ததும் அதே அளவு. இரண்டையும் ஒரு டின்னில் போட்டாள். மூன்றாவது பெரியது. அதற்கு வேறு டின். கொஞ்ச நேரத்தில் எத்துவதை மறந்துவிட்டாள். பெரியது, சிறியது, மரை தேய்ந்தது. ரேடியோ கூடுகளைச் சுவரோரமாக வெளித்திண்ணையில் அடுக்கினாள். பேப்பர் கட்டுகளை முற்றத்தில் வெயிலில் வைத்தாள். துடைத்தாள். பெருக்கினாள். ஒரு சாண் தரை தெரிந்தது, பிறகு ஒரு முழம். மண் தரை, அம்மா மெழுகிய தரை. தோளில் ஐந்து நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு முழத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. எதற்கென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கை அடுத்ததை எடுத்தது.

கிழக்குச் சுவரில் டயர்கள் கூரை வரை நின்றன. மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். நான்காவதை உருட்டியபோது கையில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. ஐந்தாவது. ஆறாவது. பிறகு நிறுத்த முடியவில்லை.

ஜன்னல்.

இந்த அறைக்கு ஜன்னல் உண்டு என்பதையே அவள் மறந்திருந்தாள். கையிலிருந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். பள்ளத்தாக்குக்கு அப்பால் பனிமலை முழுசாக நின்றது, மேகம் ஒன்றுகூட இல்லாமல். இவ்வளவு பெரியதை இத்தனை வருடம் வெறும் டயர்கள் மறைத்திருக்கின்றன. வெளிச்சம் தரை நெடுக ஓடி, சுவரில் ஏறி, காலிக் கட்டிலில் உட்கார்ந்தது. யோவானா துடைத்த துணியோடு அப்படியே நின்றாள்.

"அம்மாடியோ!" வாசலில் எர்மெலிந்தா, தலையில் ஈரத்துணி மூட்டை. "அத தொறந்துட்டியா?"

"இத எப்ப அடைச்சாங்க அண்ணி?"

எர்மெலிந்தா மூட்டையை இறக்கினாள். "அத்தை இந்தக் கட்டில்லதான் கடைசி மாசம் கெடந்தாங்க. நீ லிமாவுல. தெனமும் தலைய அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுவாங்க, மலையப் பாக்கணும்னு. பாத்துக்கிட்டே போயிட்டாங்க. பொதைச்சிட்டு வந்த மறுநாளு மாமா ஷெட்டுலேருந்து மொத டயர உருட்டிட்டு வந்தாரு. நான் கேட்டேன், எதுக்கு மாமான்னு. வெளிச்சம் கண்ணக் கூசுதுன்னாரு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"யாருகிட்டதான் சொன்னாரு? நான் பாத்ததால எனக்குத் தெரியும்."

யோவானா சுவரில் சாய்ந்தாள். முதுகு மெல்ல மெல்லச் சரிந்து தரையைத் தொட்டது. மண் வெதுவெதுப்பாக இருந்தது. எர்மெலிந்தா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், சாம்பல் எந்தப் பானையில் இருக்கிறது, வில்பர் ஒரு காலுறையை ஆற்றோடு விட்டுத் துரத்திக்கொண்டு ஓடியது, சோளம் வெந்ததா என்று. வார்த்தைகள் தூரமாகப் போயின.

"யோவானா? ஏய்?"

தூக்கம் அவளை இழுத்துக்கொண்டிருந்தது. வாசலில் பல காலடிகள், வில்பரின் சிரிப்பு. உடனே யாரோ "உஷ்ஷ்" என்றார்கள். கண் மூடுவதற்குள் அவள் கடைசியாகப் பார்த்தது, ஊருக்கே கேட்கிற குரல்காரி எர்மெலிந்தா குனிந்து, தன் சேறான செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் அறையைக் கடப்பதை.