கொடிவேலி கலந்த எண்ணெய்

நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் கறிக்கடைக்காரர் செய்த முதல் காரியம், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வைத்தியரின் கழுத்தைப் பிடித்தது. இரண்டாவது, அவரை அப்படியே தூக்கிச் சுவரோடு சாத்தியது. மேல்தட்டில் இருந்த கடுக்காய் டப்பா கவிழ்ந்து, காய்கள் வாசல் வரை உருண்டு ஓடின.

"என் கையைப் பாருய்யா! கண்ணைத் தொறந்து பாரு!"

வலது கையின் புறம் முழுக்கக் கொப்புளம். சில உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"கழுத்தை விட்டாத்தானே தம்பி பார்க்க முடியும்" என்றார் வைத்தியர், பாதிக் குரலில்.

ஆறு மாதமாக அந்தக் கையில் வெண்புள்ளி பரவிக்கொண்டிருந்தது. அது ஒட்டுவாரொட்டி இல்லை என்று வைத்தியர் அவருக்குச் சொல்லிவிட்டார். கறி வாங்க வருகிறவர்களுக்கு யார் சொல்வது? "உங்க மச்சானையே வெட்டச் சொல்லுங்களேன்" என்று முதலில் ஒருத்தி சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருபது வருடம் வெட்டுக்கட்டைக்கு முன்னால் நின்ற மனிதர் கடையின் பின்பக்கம் குடல் கழுவப் போனார். கட்டைக்கு முன்னால் அவர் மனைவியின் தம்பி நின்றான். அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கத்தான், வெண்புள்ளி கறுக்க வைத்தியர் கொடுத்த கார்போக அரிசி எண்ணெய். தடவிவிட்டுக் காலை வெயிலில் ஐந்து நிமிடம், அதற்கு மேல் கூடாது. "இன்னொண்ணு, தோல் கிழியாமப் பாத்துக்க. கிழிஞ்ச இடத்துல புதுசா வெள்ளை விழும்" என்றும் வைத்தியர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"வெயில்ல எவ்வளவு நேரம் காட்டினே?" என்று கழுத்து விடுபட்டதும் வைத்தியர் கேட்டார்.

"நேத்து பூரா மழைய்யா! எங்கிருந்து வெயிலு?"

வைத்தியர் முகம் மாறியது. கார்போக அரிசி வெயில் பட்டால்தான் சுடும். வைத்தியர் தலையில் உடைக்கவென்றே கறிக்கடைக்காரர் எடுத்து வந்திருந்த எண்ணெய்ப் புட்டியை அவரிடமிருந்தே வாங்கி, ஒரு தாளில் கவிழ்த்தார். அடியிலிருந்து செம்பழுப்பாக நாலைந்து பட்டைச் சிம்புகள் விழுந்தன.

"கொடிவேலி வேர்ப்பட்டை. நஞ்சு போகச் சுத்தி பண்ணாமப் பச்சையாப் போட்டிருக்கு. இது நிழல்லயே தோலை உரிச்சிடும். நான் போட்டதில்ல."

"அப்ப யாரு போட்டது?"

"முந்தாநாள் உன் மச்சான் வந்து வாங்கிட்டுப் போனான். அவனை..."

அவனை அனுப்பியது யார் என்பதைக் கேட்கக் கறிக்கடைக்காரர் அங்கே இல்லை.

கடையில் மச்சான் விலா எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான். எதிரே மூன்று பேர் காத்திருந்தார்கள். மாமா வருவதைப் பார்த்து நிமிர்ந்தான்.

"வாங்க மாமா. கை எப்படி இருக்கு?"

அக்கறையாகத்தான் கேட்டான். அது நக்கலாகக் காதில் விழுந்தது. முதல் குத்து வாயில் இறங்கியது. பல் ஒன்று தெறித்து ஈரல் தட்டில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கணக்கு வைத்து அடிக்கிற கோபமா அது? காத்திருந்தவர்கள் பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"மாமா, என்ன மாமா... சொல்லிட்டு அடிங்க மாமா..."

"என் கையை எரிச்சிட்டு என் கட்டையில நிக்கிறியா? நில்லுடா, நல்லா நில்லு!"

அவன் வலது கையை இழுத்து வெட்டுக்கட்டையின் மேல் வைத்து அழுத்தினார். கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மணிக்கட்டில் ஒரே போடு. எந்த எலும்பு எப்படி முறிந்தது என்பதை அவர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். இரண்டு எலும்பும் போயிருந்தன.

அலறல் கேட்டு மனைவி பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். தம்பிக்கும் கத்திக்கும் நடுவில் விழுந்தாள்.

"நான்தாங்க வாங்கிட்டு வரச் சொன்னேன்! அவனுக்கு அது எதுக்குன்னே தெரியாது! கொடிவேலி சேர்த்தா சீக்கிரம் கறுக்கும்னு சித்தி சொன்னாங்க. நீங்க குடல் கழுவறதைப் பாக்க முடியாம நான்தான் கலந்தேன்!"

கத்தி இன்னும் மேலேயே இருந்தது.

"என்னை அடிங்க. உங்க கை சரியானதும் வேற கடைக்குப் போறேன்னு போன வாரமே எங்கிட்டச் சொன்னான். உங்க கட்டை யாருக்கு வேணும்?"

அவள் எழுந்து, தன் முந்தானையால் தம்பியின் கையைக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் அவன், தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னான். அக்காவும் தம்பியும் பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

இரண்டு மாதத்தில் கொப்புளம் ஆறியது. பழைய வெள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது. மச்சானின் பல் பட்டுக் கிழிந்திருந்த நான்கு விரல் முட்டிகளிலும், மிளகு அளவில், புதிதாக வெள்ளை விழுந்திருந்தது. வெட்ட வேறு ஆள் இல்லாததால் கறிக்கடைக்காரர் கட்டைக்கு முன்னால் நின்றார்.

ஒரு நாள் காலையில் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள்.

"உங்க மச்சான் இல்லையா?"

அவள் பார்வை கைக்குப் போனது. மறைக்க நினைத்து விரல்களை மடக்கினார். மடக்கியதும் நான்கு முட்டிகளும் வரிசையாக எழுந்து வெள்ளையாக நின்றன. சட்டென்று கையை விரித்தார். பழைய வெள்ளை தெரிந்தது. அவள் பையை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போகும் வரை, அந்தக் கையை விரித்தபடியும் மடக்கியபடியும் நின்றுகொண்டிருந்தார்.