பீரங்கியின் தயவு

பல் டாக்டரின் வலது கையின் விலை நாற்பது லட்சம். இடது கைக்கு அதில் பாதி. விலை வைத்தது அவரல்ல, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மனிதர் வயதைக் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை பல் பார்ப்பீர்கள் என்று கேட்டார், பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னார். யாரோ தன் கையை மதித்துவிட்ட சந்தோஷத்தில் டாக்டரும் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார். சில வருடம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், பீரோவிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் பொடி எழுத்துகளைப் படித்தபோதுதான் வியாபாரம் புரிந்தது. கை துண்டாகப் போனால் முழுத் தொகை. விரல் போனால் விரலுக்குத் தக்கபடி. கை இருந்த இடத்தில் இருந்துகொண்டு நடுங்கினால் சல்லிக்காசு கிடையாது.

நடுக்கத்தை முதலில் காட்டிக்கொடுத்தது படம்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரும்புக்கடைக்காரரின் கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லோரும் பிழைப்புக்கு ஒன்று வைத்துக்கொண்டு ஆசைக்குக் கேமரா தூக்குகிறவர்கள். வாரத்தில் எடுத்ததை வெள்ளைச் சுவரில் போட்டுப் பார்ப்பதும், நன்றாக இருந்தால் பொறாமையை மறைத்துக்கொண்டு பாராட்டுவதும், இல்லாவிட்டால் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு வருத்தப்படுவதும் வழக்கம். அந்தக் கூட்டத்தில் ஒரு வங்கி மேலாளர் அம்மா உண்டு. முழுப்படத்தைப் பார்த்து அவருக்குத் திருப்தி வராது. பறவையின் கண்ணையோ பூவின் நரம்பையோ சுவர் முழுக்கப் பெரிதாக்கி, கூர்மையாக இருக்கிறதா என்று மூக்கு முட்டப் பார்த்தால்தான் தூக்கம் வரும். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி.

அன்றைக்கு டாக்டரின் மீன்கொத்தியைப் பூதக்கண்ணாடி பெரிதாக்கினார். பறவைக்கு ஒரு பக்கத்தில் ஒரு கண்தான் இருக்க வேண்டும். சுவரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியதுபோல ஒன்றரைக் கண் இருந்தது.

"கை ஆடியிருக்கே டாக்டர்," என்றார்.

யாரும் பதில் சொல்வதற்குள் இரும்புக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "கையா? அந்தப் பீரங்கியைத் தூக்கினா யானைக்கே ஆடும்."

பீரங்கி என்றது டாக்டரின் நீள லென்ஸை. வாங்கிப் பல வருடமாகிவிட்ட, முழங்கை நீளத்துக்கு இருக்கும் பழைய சாமான். அதைச் சாக்கிட்டுப் பேச்சு, அந்தக் கூட்டத்தில் எல்லா வாரமும் போய் விழும் குழியில் விழுந்தது: எதை விற்றுவிட்டு எதை வாங்கினால் தோள் தப்பும். டிராயிங் மாஸ்டர் கழுத்துவலி வந்து பெரிய கேமராவைத் தள்ளிவிட்டுச் சட்டைப்பைக்குள் போவதை வாங்கியிருந்தார். அதில் படம் எடுக்கும்போது யாரும் தன்னை மதிப்பதில்லை என்பது அவர் குறை. இரும்புக்கடைக்காரரும் மாறிவிட்டார். "நாள் முழுக்கக் கடையில இரும்பு தூக்குறேன். ஞாயித்துக்கிழமையும் இரும்பு தூக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? நீங்களும் மாறிடுங்க டாக்டர். பழசை நானே நல்ல விலைக்குத் தள்ளித் தர்றேன்."

"கனம் இருந்தாத்தான் கைக்கு ஒரு பிடிப்பு," என்றார் டாக்டர். "இலேசா இருக்கிறது காத்துக்கே ஆடும்."

நல்ல வாதம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னவருக்குத்தான் அதன் உள்கணக்கு தெரியும். பீரங்கி கனமாக இருக்கும்வரை குற்றவாளி பீரங்கி. அதை இறக்கி வைத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து, அதிலும் மீன்கொத்திக்கு ஒன்றரைக் கண் வந்தால் அப்புறம் பழியைத் தூக்கி எங்கே வைப்பது? கிளினிக்கில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. பல் டாக்டர் அந்தரத்தில் வேலை செய்வதில்லை. மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றிக்கொண்டுதான் கருவியை நகர்த்துவார். ஊன்றிய விரல் நடுக்கத்தை விழுங்கிவிடும். ஆனால் ஊசியை மேசையிலிருந்து எடுத்து வாய்வரை கொண்டுபோக வேண்டியிருக்கிறதே, அந்த முழ தூரத்துக்கு ஊன்ற எதுவும் இல்லை. கொஞ்ச நாளாக அந்த முழ தூரத்தை நோயாளியின் கண்ணில் படாமல், தாடைக்குக் கீழாகக் கடக்கப் பழகியிருந்தார். நுணுக்கமான வேலையென்று வருகிறவர்களை, "எனக்கு நேரமில்லை," என்று வேறு டாக்டரிடம் அனுப்பினார். நேரமெல்லாம் இருந்தது. அவர் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் சட்டைப் பித்தான் முதலில் மக்கர் செய்தது. கடைசியில் ஒரு தம்ளர் தண்ணீரை அடுத்தவர் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நரம்பு டாக்டர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார், கூடப் படித்தவர்தான். அந்தத் தெரு வழியாகப் போவதையே டாக்டர் விட்டுவிட்டார்.

"என்னங்க, டீயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிக்கிறீங்க? குளிருதா?" என்று மனைவி கேட்டாள்.

"சூடு நல்லா இருக்கு," என்றார். அவள் அவர் கையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கப்பை வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஒன்றும் சொல்லாததை ராத்திரி சாப்பிடும்வரை அவரால் விழுங்க முடியவில்லை.

அடுத்த வாரம் இரும்புக்கடைக்காரர் கன்னத்தில் கை வைத்தபடி கிளினிக்குக்கு வந்தார். கீழ்க் கடைவாய்ப்பல். வேர் வரைக்கும் போய்ச் சுத்தம் செய்தாக வேண்டும். மரப்பு ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். வழக்கமான பாட்டை எடுத்தார்: இதற்கென்றே ஒருத்தர் இருக்கிறார், சின்ன வயசு, புது மெஷின், அங்கே அனுப்பட்டுமா?

"தெரியாதவன் கிட்ட வாயைத் திறக்கவா? வியாபாரியை அவ்வளவு லேசா நெனச்சிட்டீங்க," என்றார் இரும்புக்கடைக்காரர். பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது என் புதுசு. நாளைக்குக் காலைல நீங்க என் பல்லைப் பாருங்க, அதுவரைக்கும் இதைப் பாருங்க. பிடிச்சிருந்தா ரெண்டையும் சேர்த்து விலை பேசிக்கலாம். பல்லுல விட்டதைக் கேமராவுல பிடிச்சுக்குவேன்."

மறுக்க வார்த்தை கிடைப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

கேமராவுக்கு ஒரு பறவைக்குஞ்சின் கனம்கூட இல்லை என்று டாக்டருக்குத் தோன்றியது. சாயங்காலம் வெளிச்சம் சாய்கிற நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் யார் கையும் தப்பித்துவிடும், கேமராவின் கண் நொடிக்குள் மூடிக்கொள்ளும். மங்கலில்தான் கண் அதிக நேரம் திறந்திருக்கும், ஆடுகிற கை அப்போதுதான் அகப்படும். அது தெரிந்தே அந்த நேரத்தில் போனார். தூரத்தில் ஒரு கொக்கு நின்றது. மூச்சைப் பிடித்து அழுத்தினார். படத்தைத் திரும்பப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கரையோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, எதற்கோ தயாராகிறவர்போல ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு திறந்தார். கொக்கின் கண்ணைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஒரே கண். கண்ணுக்குள் வானம், வானத்தில் ஒரு கிளை, அதுவரை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பீரங்கியை வித்துடலாம்," என்றார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டிவியில் யாரோ சொன்ன மொக்கை ஜோக்குக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள், ஜோக்கைக் கேட்காமலே. கொக்கை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். டிராயிங் மாஸ்டர் கைதட்டல் அனுப்பினார். இரும்புக்கடைக்காரர் "விலை ஏறிடுச்சு" என்று எழுதினார்.

மறுநாள் காலை, கிளினிக் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது பூதக்கண்ணாடி கூப்பிட்டார்.

"கொக்கு பிரமாதம் டாக்டர். அந்த மங்கல்ல இவ்வளவு கூர்மை நான் பார்த்ததில்லை. ஒண்ணு கேக்கணும், ஸ்டெபிலைசர் போட்டுத்தானே எடுத்தீங்க?"

"எது மேடம்?"

"அதான், நம்ம கை ஒரு பக்கம் ஆடினா உள்ள இருக்கிறது அதுக்கு எதிர்ப்பக்கம் ஆடிச் சரி பண்ணுமே. புதுசுல எல்லாம் தானாவே போட்டுத்தான் வரும். உங்க பீரங்கியில அது கிடையாது. அதனாலதான் கேட்டேன்." டாக்டர் சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனார். "லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் டாக்டர்.

சாவி பூட்டின் வாயில் கடகடவென்று அடித்துக்கொண்டது. மற்றக் கையால் பிடித்து நிறுத்தினார். கேமரா அவரைக் குணப்படுத்தவில்லை. அவர் நடுங்கியதற்கெல்லாம் எதிராகத் தானும் நடுங்கி, கொக்கின் முன்னால் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஊசிக்கு அந்த வசதி கிடையாது.

உள்ளே போய் விளக்கைப் போட்டார். கருவிகளைத் தட்டில் வரிசையாக வைத்தார். அவை ஒன்றோடொன்று உரசும் சத்தம், அப்பா கையில் தம்ளர் கடகடத்த சத்தம்போலவே இருந்தது. உடம்பு சரியில்லையென்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரும்புக்கடைக்காரர் வந்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக்க மூடி, வாயைத் திறந்துவிட்டார். கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதரின் இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

டாக்டர் கையுறையைப் போட்டார். ஊசியை எடுத்தார். அந்த முழ தூரத்தில் பாதி போனதும் திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார். "என் கை நடுங்குது."

இரும்புக்கடைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எனக்கு உடம்பே நடுங்குது."

"விளையாட்டில்ல. பீரங்கியால இல்ல. கொஞ்ச நாளாவே கைதான். யார்கிட்டயும் சொல்லல, வீட்லகூட."

மறு கண்ணும் திறந்தது. கையுறைக்குள் இருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஐயோ என்றோ, ஒன்றுமிருக்காது என்றோ அவர் சொல்லவில்லை. சரக்கில் குறை என்று வந்தால் வியாபாரி முதலில் கேட்பதைத்தான் கேட்டார். "எவ்வளவு?"

"எவ்வளவுன்னா?"

"எவ்வளவு நடுங்குதுன்னு அளந்து பார்த்தீங்களா, இல்ல குத்துமதிப்பா பயந்துக்கிட்டு இருக்கீங்களா?"

டாக்டர் ஊசித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அந்தக் கேமராவை எடுங்க. உள்ள ஆட்டத்தைச் சரி பண்ற அந்தச் சமாசாரத்தை நிறுத்துங்க. வெளிச்சத்தைக் குறைங்க. என்னை எடுங்க, இருபது படம். பூதக்கண்ணாடிக்கு அனுப்புங்க, எதுக்குன்னு சொல்லாதீங்க. தப்பு நம்ம பக்கம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான நரம்பு டாக்டர்கிட்ட போய்ப் பேச முடியும்? நானும் கூட வர்றேன். தனியாப் போனா சொல்ற விலைக்கு ஒத்துக்கிட்டு வந்துடுவீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். விசையை எங்கே நிறுத்துவது என்று இரும்புக்கடைக்காரரே எட்டிக் காட்டினார். நாற்காலிக்கு மேலே இருந்த பெரிய விளக்கைத் தணித்துவிட்டு, நாற்காலியும் விளக்கும் முகமும் ஒன்றாக வரும்படி நின்று, டாக்டர் அழுத்தினார். ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நடுவில் தன் மூச்சு தனக்கே கேட்டது. இருபதும் ஆனதும் திறந்து பார்க்காமல் போனுக்கு மாற்றி, அனுப்பினார்.

பதிலுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் இருந்தார், ஒருவர் கையைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். வாசலில் அடுத்த நோயாளி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

போன் அதிர்ந்தது. டாக்டர் அதை நாற்காலிப் பக்கம் நகர்த்திவிட்டார். இரும்புக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரக்குச் சீட்டு படிக்கிற குரலில் வாசித்தார்.

"நல்ல கூர்மை, ஒம்பது. விளக்கு அசையாம முகம் மட்டும் அசைஞ்சது, நாலு. உக்காந்திருக்கிறவர் ரொம்பப் பயந்திருக்கார்னு எழுதியிருக்காங்க, அது என் கணக்கு. விளக்கு, நாற்காலி, முகம் எல்லாமே சேர்ந்து அசைஞ்சது, அஞ்சு. அது உங்களோடது."

விரல் விட்டுக் கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"பதினெட்டுதான் வருது. ரெண்டு பாக்கி. அது யார் கணக்குன்னு இன்னும் எழுதல."

போனின் மேல்பக்கத்தில், பூதக்கண்ணாடி இன்னும் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின.