மருந்துப் பெட்டியில் அரிசியும் பருப்பும்

பிரவீனா அந்தப் பெட்டியைப் பற்றிப் புருஷனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் இளஞ்செழியன் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவான். நாமக்கல் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிறவன் அவன். நாலு பேர் சிரிக்க ஒரு சங்கதி கிடைத்தால் லேசில் விடமாட்டான்.

அவளுக்குக் கோழிப்பண்ணையில் தடுப்பூசி போடும் வேலை. முடிந்து வீடு சேர ஆறு மணி. அதற்கப்புறம் அடுப்பைப் பற்றவைத்துச் சோறாக்குவதற்குள் ரெண்டரை வயது நிலா தூங்கிப்போவாள். மத்தியானம் தூங்காத பிள்ளை, ஆறரைக்கெல்லாம் கண் சொருகிவிடும். காலையில் வடித்த ஆறின சோற்றை ஊட்டினால் துப்புவாள். போன வாரம் மட்டும் நாலு நாள் வெறும் பாலோடு படுத்துவிட்டாள். அங்கன்வாடியில் எடை போட்டால் போன மாதத்தைவிட ஒரு கிராம்கூட ஏறவில்லை. பெற்ற வயிறு பற்றி எரியாதா?

பண்ணைக்கு மருந்து வரும் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நாள் முழுக்கக் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கிற பெட்டி, சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்ன? காலிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தாள்.

இன்று காலை இளஞ்செழியன் கிளம்பியதும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, அரிசியும் பருப்பும் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டாள். குண்டானை அப்படியே இறுக மூடிப் பழைய போர்வையில் சுற்றி, பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் டேப் ஒட்டினாள். கேஸ் கால் மணி நேரம்கூட எரியவில்லை. மீதி வேலையைச் சூடு பார்த்துக்கொள்ளும். சாயங்காலம் வரை யாரும் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பண்ணை வாசலில் ஹாரன் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் இளஞ்செழியன்! பைக்கின் பின்சீட்டில் அதே பெட்டி! பெட்டிக்கு மேல் ஒரு பை நிறைய ஐஸ்கட்டி!

"ஏம்புள்ள, மருந்த ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியே! சோத்துக்கு வந்தவன் பாத்தேன். போனும் எடுக்க மாட்டீங்கற. கெட்டுப்போயிருமேன்னு மீன் கடையில ஐஸ் வாங்கிக் கட்டிக் கொண்டாந்துட்டேன்."

வேலை நேரத்தில் போன் எல்லாம் வாசல் அறையில்தான் கிடக்கும். வேர்த்து விறுவிறுத்து நின்றாலும், குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட தோரணை அவன் முகத்தில்.

"அட சாமி!" என்று தலையில் கைவைத்தாள் பிரவீனா. அதற்குள் சூப்பர்வைசர் தீர்த்தகிரி வந்துவிட்டார். பின்னாலேயே ஊசி போடும் பெண்கள் எட்டுப் பேரும்.

"பண்ணை மருந்து உங்கூட்டுக்கு எப்படிம்மா போச்சு?" அவர் குரலே சரியில்லை.

"மருந்தில்லைங்க சார், சோறுங்க."

"சோத்துக்கு யாராச்சும் டேப் ஒட்டுவாங்களா? பிரி."

"பிரிச்சா சூடு போயிருமுங்க. எம்புள்ளைக்குப் பொழுதோட ஊட்டறதுக்கு வெச்சதுங்க."

"காட்டிரு புள்ள, வேலை போயிரப் போவுது" என்று கூட வேலை செய்யும் சௌந்திரம் காதோரம் சொன்னாள்.

பிரவீனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலையும் வேண்டும், பிள்ளைக்குச் சுடுசோறும் வேண்டும். எதை விடுவது? ஏன் விட வேண்டும்?

"சார், மருந்து பாக்கற தெர்மாமீட்டரக் கொண்டாங்க. மருந்துன்னா எட்டு டிகிரிக்கு மேல போவக்கூடாதுங்களே? மூடியில குத்திப் பாத்துருங்க."

தீர்த்தகிரி தெர்மாமீட்டரின் நீளக் கம்பியை மூடி வழியே போர்வைக்குள் இறக்கினார். எண் மளமளவென்று ஏறியது. நாற்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. எழுபத்தொன்றில் போய் நின்றது. கம்பியை உருவியதும் பூண்டும் சீரகமும் மணந்தன.

"காலையில எட்டரைக்கு வெச்சதுங்க" என்றாள் பிரவீனா.

"மேல ஐஸு, உள்ள எழுபத்தொண்ணா!" என்று சௌந்திரம் வாயில் கைவைத்தாள்.

பிரவீனாவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அத்தனை பேர் முன்னால், அதுவும் புருஷன் முன்னால்! பெருமை இருக்காதா? அவனோ ஐஸ் பையை என்ன செய்வதென்று தெரியாமல், சட்டையெல்லாம் நனைய நின்றுகொண்டிருந்தான்.

தீர்த்தகிரி தன் கையாலேயே அந்த ஓட்டைக்கு டேப் ஒட்டினார். "தம்பி, மேடு பள்ளம் பாத்து ஓட்டு, உள்ள கொழந்தை சோறு" என்றார். பிறகு பிரவீனா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த பெட்டி காலியானா எனக்கு எடுத்து வெய்யி. எம்மருமகளும் வேலைக்குத்தான் போறா."

சாயங்காலம் அவள் வீடு சேர்ந்தபோது நிலாவுக்குக் கண் பாதி மூடியிருந்தது. டேப்பைக் கிழித்துக் குண்டானைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அரிசியும் பருப்பும் குழைந்து கிடந்தன. இளஞ்செழியன் மெதுவாகத் தட்டை நீட்டினான்.

"எனக்கும் கொஞ்சம் போடு புள்ள."

"ஐஸ் போட்டுத் தரட்டுங்களா?" என்றாள்.

நெய் விட்டுப் பிசைந்த முதல் வாயை நிலாவின் உதட்டருகே கொண்டுபோனாள். பிள்ளை வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்தது.

"சுடுதும்மா. ஊது."

ராத்திரிச் சோற்றைப் பார்த்து நிலா இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை. பிரவீனா ஊதி ஊதி, கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள்.