கேட்டால் பதில் சொல்வேன்

1

இந்தக் கதையை நான் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குடைய வேண்டாம். கோபம் என் தம்பி மனைவி மேல். நான் அவனுக்கு ஒரே அக்கா. ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சந்தேகப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"புருஷனின் கனவைக் காலில் மிதித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும்."

படித்துப் பார்த்தேன். டிவி சீரியலுக்கு விளம்பரம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது:

"காத்திருப்போர் பட்டியல் ஒரு விசித்திரமான இடம். அதில் முதலாவதாக நிற்பவன் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அவனுடைய நல்ல காலம் இன்னொருவரின்..."

இதையும் பாதியில் விட்டேன். 'அவன்' என்று பொதுவாக எழுதும்போதே தம்பியின் முகம் வந்து குறுக்கே நின்றுகொண்டது. எனக்குக் கட்டுரை வரவில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

2

தம்பியும் அவளும் ஒரே ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறார்கள். இருவருமே பார்மசி டிப்ளமோ. முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதன் அடியில் மருந்துப் பொட்டலம் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு, பின்னால் கூரை வரை அலமாரிகள். அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் மருந்தை எடுத்தால், இன்னொருவர் அதை டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே கொடுக்க வேண்டும். தம்பி எடுப்பான், அவள் பார்ப்பாள். காதல் வந்ததும் அந்த அலமாரிகளுக்கு நடுவில்தான். (அதை எழுத ஆரம்பித்தால் இது வேறு கதையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கள் அம்மா முன்னால் அவள் அவனை 'நீங்க' என்பாள், மருந்தகத்துக்குள் போனால் 'நீ'.)

பட்டம் இல்லாமல் அங்கே மேலே போக முடியாது. தம்பி ஏற்கெனவே இரண்டு முறை பார்மசி கல்லூரிக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவன். இந்த முறை உள்ளூர்க் கல்லூரி, வெளியூர்க் கல்லூரி இரண்டுக்கும் போட்டான். போடும்போது அவளிடம், "நீயும் போட்டு வையேன், சும்மா துணைக்கு" என்றான்.

துணைக்குப் போட்டவளுக்கு இரண்டிலும் இடம் கிடைத்தது.

அவனுக்கு வெளியூர்க் கல்லூரி கைவிரித்துவிட்டது. உள்ளூரில், வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று அவளுக்கு. அந்த இடங்களுக்கான காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுக்கு.

புரிகிறதல்லவா? அவள் வெளியூரைத் தேர்ந்தெடுத்தால் உள்ளூர் இடம் நேராக அவன் மடியில் விழும். உள்ளூரைத் தேர்ந்தெடுத்தால் அவன் வாசலிலேயே நிற்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும்.

3

இந்த இடத்தில் முதலில் நான் எழுதியிருந்தது: "இரண்டு கல்லூரிகளும் அவளுக்கு ஒன்றுதான். விட்டுக்கொடுப்பதில் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை."

பிரதியை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். (ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். குத்திக்காட்டத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த வரியில் விரலை வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு யார் அண்ணி உங்ககிட்ட சொன்னா?"

"ரெண்டும் பார்மசிதானே?"

"வெளியூர்ல மாத்திரை செய்யக் கத்துக்கலாம். பெரிய லேப், பெரிய மெஷினு. நல்ல காலேஜ்தான், நான் குறை சொல்லல. ஆனா இங்க வார்டுக்கே கூட்டிட்டுப் போறாங்க. டாக்டர் பக்கத்துல நின்னு, படுத்திருக்கறவங்ககிட்ட நாமளே பேசலாம். என்னென்ன மருந்து சாப்பிடறீங்க, எது ஒத்துக்கல, எதை சாப்பிடாமலே தூக்கிப் போட்டீங்கன்னு கேக்கலாம். இத்தனை வருஷமா நான் சீட்டத்தான் பாக்கறேன். சீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆள பாத்ததே இல்ல."

அந்த வரியை அடித்தேன். கோபத்தை அடிக்கவில்லை.

4

நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே அம்மா, தம்பி, அவள். அந்த வாரம் படிக்கட்டில் இறங்கும்போதே வீட்டின் கனம் தெரியும். யாரும் சண்டை போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. தம்பி அவளுடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து தன் சட்டையைக்கூட இஸ்திரி போடாதவன். அவள் "தேங்க்ஸ்" என்றாள். புருஷனிடம் தேங்க்ஸ் சொல்லும் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அம்மா வேறு வழியில் போனாள். மருமகள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போனாலே வாசலில் வந்து நிற்பவள், திடீரென்று ஹாஸ்டலைப் புகழ ஆரம்பித்தாள்.

"சும்மா சொல்றேம்மா. வெளியூர் ஹாஸ்டல்ல ரூமுக்கு ரூம் காத்தாட இருக்குமாம். பொண்ணுங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பாம்."

"அப்படியா அத்தை."

"நான் எதுவும் சொல்லல. உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்ற சொல்லை இவ்வளவு அழுத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

5

புதன்கிழமை மருந்தகத்தில் நடந்தது. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டமான நேரம். உடம்பெல்லாம் அரிப்பு என்று டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு பெண் சீட்டோடு வந்தாள். சீட்டில் இருந்தது ஹைட்ராக்சிசின். தம்பி எடுத்தது ஹைட்ராலசின்.* மனைவியிடம் நீட்டினான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இரண்டு பேருமே மருந்தையும் பார்க்கவில்லை. அவள் சரி என்று குறி போட்டுத் திறப்பு வழியாகத் தள்ளிவிட்டாள்.

அந்தப் பெண் பையில் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகுதான் தம்பிக்குத் தன் கை எந்தத் தட்டுக்குப் போனது என்று உறைத்தது. கதவைத் திறந்து ஓடினான். வெளிவாசலில் பிடித்தான். "அம்மா, ஒரு நிமிஷம், அதைக் குடுங்க, மாத்தித் தரேன்" என்று வாங்கிக்கொண்டான்.

பிறகு உள்ளே, பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில்:

"நீ பாக்கவே இல்ல" என்றான்.

"நீ தப்பா எடுத்த."

"எடுக்கறவன் தப்பா எடுப்பான்னுதான் பாக்கறதுக்கு ஒரு ஆளு. வீட்டுல நடக்கறத இங்க கொண்டு வராத."

"வீட்டுல என்ன நடக்குது? சொல்லு. உன் வாயால சொல்லு, கேக்கறேன்."

அவன் ஒரு பெட்டியைத் தூக்கி, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

(* ஒன்று அரிப்புக்கு, மற்றது ரத்த அழுத்தத்தை இறக்குவதற்கு. இதைப் படிக்கும் உங்களுக்கே பெயர்கள் குழம்பியிருக்கும். அழுத்தம் சரியாக இருப்பவர் இரண்டாவதைச் சாப்பிட்டால் மயங்கி விழக்கூடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்ததும் ஒரு தப்புதான், ஆனால் அது என் கதையில்லை.)

6

மறுநாள் அம்மா என்னைத் தூது அனுப்பினாள். "நீ படிச்சவ, நீ சொன்னா கேப்பா."

நான் கீழே போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைத்துப் பேசினேன். அவள் ஒரு பேன்ட்டை உதறி மடித்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"இதை அவர் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல. அம்மாதான்."

"அப்ப நீங்க கேக்காதீங்க அண்ணி. அத்தையும் கேக்க வேண்டாம். அவர் கேக்கட்டும்."

"கேட்டா குடுத்துடுவியா?"

"கேட்டா பதில் சொல்வேன்."

இந்த வாக்கியத்தை அன்று நான் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? தம்பியைக் கூப்பிட்டு, "நீ வாயத் திறந்து கேக்கணும்னு காத்திருக்கா, அவ்வளவுதான்" என்றேன். அவன் முகத்தில் அந்த வாரம் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

"நிஜமாவா அக்கா?"

"கேளுடா."

7

இங்கே வந்து கதை நின்றுவிட்டது. பல நாள் நகரவில்லை. எனக்குப் பிடித்த முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அவள் அவனுக்குத் தெரியாமல் உள்ளூர் இடத்தை விட்டுக்கொடுக்கிறாள். அவனும் அவளுக்குத் தெரியாமல் காத்திருப்போர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுகிறான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு...

இதை இருவருக்குமே படித்துக் காட்டினேன். தம்பி சிரித்துவிட்டான். அவள், "நாங்க அவ்வளவு நல்லவங்க இல்ல அண்ணி" என்றாள்.

இரண்டாவது: அவள் அழுதுகொண்டே வெளியூருக்கு ரயில் ஏறுகிறாள். அம்மா கையசைக்கிறாள். இது அம்மாவுக்கு மட்டும் பிடித்தது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. இடம் தம்பிக்குக் கிடைத்து, பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்திருந்தால், அம்மா என்னைத் தூது அனுப்பியிருப்பாளா? "உன் இஷ்டம்டா" என்று அவனிடம் சொல்லியிருப்பாளா? நான் படியிறங்கி... இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை. நான் இறங்கியிருக்க மாட்டேன். எனக்கு அப்படி ஒரு கேள்வியே வந்திருக்காது.

என் கோபம் ஒரேயடியாக அணைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எழுதியதில் அது என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

8

வெள்ளிக்கிழமை இருவரும் அவன் பைக்கில் கல்லூரிக்குப் போனார்கள். அலுவலகத்துக்கு வெளியே நீளமான நடைவழி, சுவரோரம் பெஞ்சு, பெஞ்சில் சேர வந்தவர்களும் கூட வந்தவர்களும். சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. சன்னலுக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த ஒரு பெண் குமாஸ்தா.

அவள் முறை வந்தது. குமாஸ்தா தாளைப் புரட்டினாள்.

"சேர்றீங்களா, விடறீங்களா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அவள் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் தம்பி கேட்டான். வழியெல்லாம் கேட்காதவன், வாசலில் வண்டி நிறுத்தும்போது கேட்காதவன், அத்தனை பேர் நடுவில் கேட்டான்.

"எனக்கு விட்டுக்குடு."

பெஞ்சிலிருந்த தலைகள் திரும்பின. குமாஸ்தா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.

"இது மூணாவது தடவ. இன்னொரு தடவ கிடைக்கலன்னு சொல்லிட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாது. உனக்கு அங்கயும் இடம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான். குடுத்துடு."

தம்பி சொல்வது: அவன் வாயை மூடும் முன்பே அவள் பதில் சொல்லிவிட்டாள். அவள் சொல்வது: பேனாவைக் கீழே வைத்தாள், பெஞ்சில் யாரோ இருமினார்கள், குமாஸ்தா ஒரு தடவை "ஏம்மா?" என்றாள், அதற்கும் அப்புறம்தான் பதில் சொன்னாள். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. பதில் மட்டும் இருவரும் சொன்னதில் ஒன்றாகவே இருக்கிறது.

"மாட்டேன். எனக்கும் இதுதான் வேணும். உனக்காக வெளியூர் போனேன்னா, போற ரயில்லயே உன்மேல வெறுப்பு வந்துடும். அத மறைச்சுக்கிட்டு என்னால உன்கூட இருக்க முடியாது."

கையெழுத்துப் போட்டாள். (முதல் வரைவில் 'கண்ணீருடன்' என்று எழுதியிருந்தேன். "நான் அழல அண்ணி, எழுத்துதான் கொஞ்சம் கோணலா வந்துச்சு" என்று திருத்தினாள்.)

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரி" என்றான். கொஞ்சம் கழித்து, "கேட்டுட்டேன்ல" என்றான். அவளிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா, தெரியவில்லை.

குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சார், பட்டியல் திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு. வேற யாராவது விட்டாங்கன்னா போன் பண்ணுவோம்" என்றாள்.

9

திங்கட்கிழமை போன் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியும். நான் மாடியில்தானே இருக்கிறேன். கீழே போன் அடித்தால் கேட்கும், அடிக்காவிட்டால் அதைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

காரணம் இருக்கிறது. வந்தது என்று எழுதினால், "அப்பாடா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அவளை மன்னித்துவிடுவீர்கள். வரவில்லை என்று எழுதினால், "பாவம் அந்தப் பையன்" என்று நான் தொடங்கிய கோபத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வீர்கள். 'மாட்டேன்' என்று சொன்னபோது அவளுக்குத் திங்கட்கிழமையைப் பற்றி எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரியாததை வைத்து அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு நான் உதவ மாட்டேன்.

வேண்டுமானால் வெள்ளிக்கிழமையின் மிச்சத்தைத் தருகிறேன். வெளியே வந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். அவள் பின்னால் ஏறினாள். வீடு வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாளா, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாளா என்று தனித்தனியாகக் கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லையாம். அவள், "அதை நீங்க எழுதாதீங்க அண்ணி" என்றாள்.

நான் எழுதவில்லை. வண்டியை இங்கேயே கிளப்பிவிட்டுவிடுகிறேன். கையை எங்கே வைப்பது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.