எல்லாம் ஒரே ஷேடுதான்

சிமென்ட், குழாய், டைல்ஸ் விற்கும் அந்தக் கடைக்காரருக்குத் தெருவில் 'நிதானம்' என்று பெயர். தலை போகிற அவசரம் என்று யார் வந்து நின்றாலும் தன் வேகத்தில்தான் அளப்பார், தன் வேகத்தில்தான் பேசுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்து மூன்று வயதில் புத்தி சறுக்கியது. அதுவும் ஐந்தே நிமிடத்தில்.

எதிர்ச்சாரியில் குளிர்சாதனம் போட்ட பெரிய கடை ஒன்று வந்த பிறகு அவருடைய கல்லா காற்று வாங்கியது. மனைவியின் தம்பிதான், இப்படியே உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து, கடையை இணையச் சந்தையில் ஏற்றிவிட்டான். அங்கே வருகிறவன் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறான், அதனால் படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றான். கேள்வி வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும், இல்லையென்றால் அவன் அடுத்த கடையைத் தட்டிவிடுவான். பாரமான சரக்கு என்பதால் சொன்ன நாளில் வாசலில் இறங்க வேண்டும். வாங்கினவர்களிடம் கூச்சப்படாமல் நட்சத்திரம் கேட்க வேண்டும். நிதானம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூன்றே மாதத்தில் அவர் கால் வைத்தே இராத தெருக்களிலிருந்து ஆர்டர் வந்தது. சாப்பிடும்போதுகூட ஃபோன் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மனைவி அதற்கும் ஒரு கரண்டி பரிமாறட்டுமா என்று கேட்டாள்.

குடோனின் பின்சுவரோரம் முப்பத்தெட்டுப் பெட்டி சந்தன நிற டைல்ஸ் இரண்டு வருடமாகக் கிடந்தது. பெயர் ஒன்று, அளவு ஒன்று. ஆனால் மூன்று வேறு நாட்களில் சூளையில் வெந்தவை. ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி ஜாடை ஒன்றாக இருந்தாலும் நிறம் வேறு. கடைக்கு வந்தவர்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிப் போய்விட்டார்கள்.

"இதை ஏன் அத்தான் போடல?" என்றான் மைத்துனன்.

"மூணு ஷேடு கலந்து கிடக்குடா."

"படத்துல ஒண்ணுதானே தெரியும்?"

இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, வெள்ளை விளக்குக்குக் கீழே வைத்துப் படம் பிடித்தார்கள்.

நாலாம் நாள் ஒரு தையல்காரம்மாவிடமிருந்து செய்தி வந்தது. 'அண்ணா, ஃபோனில் பொருள் வாங்குவது எனக்கு இதுதான் முதல் தடவை. எல்லாப் பெட்டியும் ஒரே கலர்தானே?'

மைத்துனன் அப்போது பக்கத்தில் இல்லை. யாரும் அவர் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அவரேதான், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'எல்லாம் ஒரே ஷேடுதான் அம்மா. நம்பி வாங்குங்க.' அனுப்பிவிட்டு டீ குடித்தார். டீ எப்போதும்போல் இறங்கியது.

சரக்குப் போனது. சில நாள் கழித்து ஐந்து நட்சத்திரமும் வந்தது. சொன்ன நாளில் வந்தது, கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார் என்று கீழே எழுதியிருந்தாள். மைத்துனன் அதைக் கடைத்தெரு முழுக்கக் காட்டினான். நிதானம் அதை இரண்டு தடவை படித்தார். எப்படியோ தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அவள் இன்னும் இரண்டு பெட்டி கேட்டாள். அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர் வரவில்லை. நிதானமே ஓட்டிக்கொண்டு போனார்.

முன்னறையும் உள்ளறையுமாகச் சின்ன வீடு. முன்னறையில் தையல் இயந்திரம், வெட்டிய துணிகள், சுவரில் ஆணியடித்து மாட்டிய பாதித் தைத்த சட்டைகள். தரையைப் பார்த்ததும் அவருக்குக் கால் கூசியது. வாசலிலிருந்து அறையின் நடுவரை சந்தனம். அங்கிருந்து ஜன்னல்வரை தண்ணீர் கலந்த பாலைப் போல் வெளிறி ஒரு நிறம். இயந்திரத்துக்குக் கீழே இலேசாகச் சிவந்து இன்னொன்று. சந்தனமும் வெளிறலும் சேருகிற கோட்டின்மேல் அவள் ஒரு பாயை விரித்து வைத்திருந்தாள்.

கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒட்டினப்போ சிமென்ட் தூசியில ஒண்ணும் தெரியல, நான் பாட்டுக்கு மறுநாளே சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். கறை ஏறிடுச்சு. இருபது நாளா தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது. இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?"

கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சொரசொரவென்று இருந்தது. பட்டுத் துணியைத் தொட்டால் இழை விரலில் மாட்டிக்கொள்கிறது என்றாள்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அவர்கிட்டயும் ஆரம்பிச்சிட்டியாம்மா? கடைக்குப் போய்ப் பாத்து வாங்கலாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். வாங்கவும் தெரியல, வாங்கினதை வெச்சுக்கவும் தெரியல."

தையல்காரம்மா தப்புச் செய்தவள் மாதிரி சிரித்தாள்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அவர் வண்டிக்குப் போய், டைல்ஸ் கழுவுகிற மருந்துப் புட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்து, இதைப் போட்டுப் பாருங்கள் என்றார். காசு வேண்டாம் என்றார். உங்களுக்கு நல்ல மனசு அண்ணா என்று சொல்லி அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பாதியில் கீழே வைக்கத் தெரியாமல் முழுவதையும் குடித்தார்.

வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முதல் பொய்யை ஃபோனுக்குச் சொன்னதாகச் சமாதானம் செய்துகொள்ளலாம். இரண்டாவதை முகத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னபோது அவள் திட்டவில்லை.

"அந்தப் புட்டியால போகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினார்.

போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றதும் மைத்துனன் பதறினான். அந்த அம்மாவே தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, தூங்குகிற பாம்பைத் தட்டி எழுப்புவானேன் என்றான்.

"அவங்க தன் தப்புன்னு நினைக்கிறாங்க பாரு, அதுதான்டா தாங்கல."

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வெந்த டைல்ஸ் பெட்டிகளாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு, டைல்ஸ் ஒட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு போனார். அவரை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், நின்றபடியே சொன்னார். அவளுக்கு முதலில் பிடிபடவில்லை.

"அப்போ இது கறை இல்லையா?"

"இல்லம்மா. வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

"அந்தப் புட்டி?"

"அதுவும் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

வசவு விழும் என்று காத்திருந்தார். அவள் மடியிலிருந்த துணியை எடுத்து நான்காக மடித்து ஓரமாக வைத்தாள்.

"உள்ள என் மக இருக்கா. அவகிட்ட சொல்லுங்க சார்" என்றாள்.

மகள் நிலைப்படியில் வந்து நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரக்கில் ஒரு சின்னக் கோளாறு ஆகிவிட்டது என்று ஆரம்பித்தார்.

"எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றாள் தையல்காரம்மா.

மகள் வயதுப் பெண்ணின் முன்னால், மூன்று ஷேடு, வெள்ளை விளக்கு, தட்டி அனுப்பிய பதில், புட்டி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். வண்டியிலிருந்தவருக்கும் கேட்டிருக்கும். மகள் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தரையைப் பெயர்த்துப் புதிதாக ஒட்ட மூன்று நாள் ஆனது. உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளி நிதானமே முதுகில் சுமந்தார். இயந்திரத்தைச் சமையலறைக்கு நகர்த்திக்கொண்டு அவள் தைத்துக்கொண்டேயிருந்தாள். அவரோடு பேசவில்லை. நட்சத்திரம் ஐந்திலிருந்து ஒன்றாக இறங்கியது. நடந்தது நடந்தபடி கீழே எழுதியிருந்தது. கெஞ்சியாவது எடுக்கச் சொல்லலாம் என்றான் மைத்துனன். நிதானம், அவர்கள் எழுதியது உண்மை என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்.

ஆர்டர் பாதியாகக் குறைந்தது, பிறகு மெல்ல ஏறியது. மிச்சப் பெட்டிகளை மூன்று ஷேடாகப் பிரித்து, வெயிலில் படமெடுத்துத் தனித்தனியாகப் போட்டார். மொட்டைமாடிக்கென்றும் குளியலறைக்கென்றும் வாங்க ஆள் இருந்தது. மைத்துனனுக்கு அதில் பெரிய ஆச்சரியம். அவருக்கு இல்லை. தையல்காரம்மாவின் தெருப் பக்கம் போகும் சரக்கை மட்டும் இன்றுவரை அவர் கொண்டுபோவதில்லை. வண்டி ஓட்டுகிறவர் வராத நாளென்றால், மறுநாள்தான் வரும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறார்.